சூசைக்குப் பதில் கயிறு பிடித்தது

பேதி மருந்துக்காகக் கடல் தாண்டியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் தாண்டினேன். கொழும்பில் நான் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நிலவாகை இலை தூத்துக்குடியிலிருந்துதான் வரும். யுத்தம் முடிந்த பிறகு வந்த மூட்டைகளில் இலை பாதி, காம்பும் மண்ணும் பாதி. அதைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் புகார். நேரில் போய் நல்ல இலையாகப் பார்த்து அனுப்பும்படி பெரிய டாக்டர் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் பிழைக்கும் எனக்கு இந்தியா அதுவரை பஞ்சாங்கப் படங்களில் மட்டும் பார்த்த தேசம்.

புறப்படுவதற்கு முன்தினம் ஆண்கள் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டு போனபோது சூசை என் கையைப் பிடித்து நிறுத்தினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தூத்துக்குடிப் பரதவர். நுரையீரல் கெட்டுப்போய்ப் பல மாதமாகப் படுத்திருந்தார். அவரைப் பற்றி வார்டில் ஒரு பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தோலிக்கக் குருவானவர் கட்டில் கட்டிலாக நன்மை, அதாவது திருவிருந்து அப்பம், கொடுத்துக்கொண்டு வருவார். மற்றவர்கள் குருவிக் குஞ்சுகள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, சூசை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். வார்டில் வேலை செய்யும் சிங்களப் பெண் ஒருத்தி தன் பாஷையில் சொல்வாள்: "இந்த மனுஷனுக்குக் கஞ்சிக்கு வாய் திறக்கிறது, கடவுளுக்குத் திறக்கவில்லை."

"தூத்துக்குடிக்கா ஐயா போறிய?" என்று கேட்டார் சூசை. "எனக்கு ஒரு காரியம் செய்யணும். அங்கன எங்க அக்கா இருக்கா. தெரசா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் சொன்னதை மூச்சு வாங்கிய இடங்களையெல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், அந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்த பருவத்தில், அக்காள் புருஷன் இன்னாசி கடலில் குதிப்பார். படகில் கயிறு பிடிப்பவர் சூசை. அந்தக் கரையில் அதுதான் வழக்கம். குளிக்கிறவன் கயிற்றை அவனுடைய அண்ணன் தம்பி பிடிக்கமாட்டான். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரலாம். மச்சான் கையிலோ தன் உடன்பிறந்தாளின் தாலி இருக்கிறது, அவன் விடமாட்டான்.

சூசை விட்டார். உச்சி வெயிலில் படகில் குவித்திருந்த சிப்பிகள் வாயைப் பிளக்க ஆரம்பித்திருந்தன. ஒன்றுக்குள் ஏதோ மின்னியது. கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சிப்பியைப் பிளந்து, முத்தை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அப்போது காலடியில் கயிறு துடித்தது. அலை என்று நினைத்தார். பிறகு இழுத்துப் பார்த்தால் கயிறு வரவில்லை. இன்னாசியின் கால் அடியில் பாறையில் சிக்கியிருந்தது.

"கத்தியிருந்தா பக்கத்துக் கயித்துக்காரன் இறங்கியிருப்பான் ஐயா. என்னால கத்த முடியல. வாய்க்குள்ள முத்து இருந்துச்சு. வாயைத் திறந்தா விழுந்திரும், எல்லாரும் பாத்திருவாங்க. நான் பாட்டுக்கு ஊமையன் மாதிரி இழுத்துக்கிட்டு நின்னேன்."

கரையில் ஒவ்வொருவனையும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிச் சர்க்கார் சேவகர்கள் சோதிப்பார்களாம். அன்று பிணத்தோடு வந்தவர் என்று சூசையை மட்டும் விட்டுவிட்டார்கள். அடக்கம் முடிந்ததும் அந்த முத்தை மாதா கோயில் உண்டியலில் போட்டுவிட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அக்காள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ரங்கூனில் குண்டு விழுந்தபோது தப்பியவர்களில் ஒருவராகக் கொழும்புக்கு வந்து, ஊர்க்காரர் கண்ணில் படாமல் ஒளிந்து பிழைத்தார்.

"சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்களோ?" என்று கேட்டேன். கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"பண்ணிட்டேன். சாமியும் மன்னிப்புக் குடுத்தாரு. ஆண்டவரும் குடுத்திருப்பாரு, அவரு பெரிய மனசுக்காரரு. எனக்குத்தான் நம்பிக்கை வரல. அந்த வாயில எப்படி நன்மை வாங்குவேன்? தெரசாகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க. ஒண்ணையும் குறைக்காதிய. அவ என்ன சொல்லுதாளோ அதை அப்படியே வந்து சொல்லுங்க. எனக்கு ரொம்ப நாளு இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களும் வேதக்காரருதான? உங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கா ஐயா?"

நான் பிறந்த புரொட்டஸ்தாந்து சபையில் இரட்சிப்பின் நிச்சயம் உண்டா என்று கேட்பது, சுகமா என்று கேட்பது மாதிரி. எல்லோரும் கேட்பார்கள், எல்லோரும் உண்டு என்பார்கள். இருமல் மருந்து இருக்கிறதா என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படி, "இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

தோணிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காற்று இருந்தவரை தோணி ஓடியது, காற்று நின்றதும் நின்றுவிட்டது. கூட வந்தவர் காயல்பட்டினத்து இரத்தின வியாபாரி ஒருவர். பாய் விரித்துத் தொழுவார், பிறகு அதே பாயில் உட்கார்ந்து என்னைச் சாப்பிட அழைப்பார். வீட்டில் கட்டிக் கொடுத்த இடியாப்பமும் ஆட்டுக்கறியும் அவரிடம் இருந்தன. என்னிடம் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மொத்தத்தில் எனக்குத்தான் லாபம். தோணிக்காரர்கள் பொரித்த மீனைக் கொடுத்துவிட்டு, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் குனிவதை ரசித்துப் பார்த்தார்கள். பேதி மருந்து வாங்கப் போகிறவன் என்று தெரிந்த பிறகு அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடி. கொழும்பில் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்கும். இங்கே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மானஸ்தர்கள் மாதிரி ஒதுங்கி நிற்க, வள்ளங்கள் போய்ச் சரக்கை ஏற்றி வருகின்றன. கரையில் இறங்கினால் எங்கே திரும்பினாலும் உப்பு. உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரும் அந்த உப்புக்குச் சொந்தம்தான். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைக் குறை சொன்னதற்கு அன்று மனதார வருந்தினேன்.

என் தமிழைக் கேட்டவர்கள் எல்லோரும் என்னை மலையாளி என்றே முடிவுகட்டினார்கள். ஓட்டல்காரர் என்னிடம் கையால் ஜாடை காட்டிப் பேசினார். ரேஷன் காலமானதால் இலையில் சோறு கொஞ்சம், குழம்பு தாராளம். சாப்பாட்டுக்குப் பிறகு மக்ரூன் என்று ஒரு பலகாரம் கொடுத்தார்கள். முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் முட்டை நுரையும் சேர்த்துச் சுட்டது. வாயில் வைத்ததும் காணாமல் போகிறது. போர்த்துக்கேயர் எங்கள் தீவில் விட்டுப்போன பலகாரங்களைவிட இங்கே விட்டுப்போனது உத்தமம்.

சனிக்கிழமை, எங்களுக்கு இலை அனுப்பும் வியாபாரி அண்ணாச்சியோடு சாத்தான்குளம் பக்கம் இலை பார்க்கப் புறப்பட்டேன். அண்ணாச்சிக்கு உருண்டையான உடம்பு, அதைவிட உருண்டையான பேச்சு. பஸ் கரியில் ஓடுகிற பஸ். பின்பக்கம் ஒரு அடுப்பு, அதில் கரி, கரிக்கு ஒரு துருத்தி. இரண்டு தரம் மேட்டில் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒரு கிழவர் மட்டும் இறங்கவில்லை; டிக்கெட் வாங்கியது உட்காருவதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். செம்மண் காட்டில் மஞ்சள் பூவோடு நிலவாகை நின்றது. இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல சரக்கு என்பது அன்று சாயங்காலமே எனக்கு ருசுவாயிற்று.

"மண்ணு எப்படி அண்ணாச்சி மூட்டைக்குள்ளே வந்தது?" என்று நான் கேட்டதற்கு, "செடி மண்ணுலதான முளைக்கி" என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இனி வராது என்று சத்தியம் செய்தார். அவர் குலதெய்வத்தின் பேரில் செய்த சத்தியத்தை வேதக்காரனான நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தெரசாவைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கள் சபையின் கோயில் ஒன்றைத் தேடிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கம் நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் புத்தி அதில் இல்லை. தம்பியால்தான் புருஷன் செத்தான், அதுவும் ஒரு முத்துக்காகச் செத்தான் என்று இருபது வருஷம் கழித்து ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்வது எப்படி என்பதே ஓடிக்கொண்டிருந்தது. முத்து விஷயத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மூட்டையில் மண் கலந்த அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். விட்டுவிட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை கடற்கரைத் தெருவில் விசாரித்தபோது, "ஆப்பக்கடை தெரசாவா? அந்தா புகை வருதுல்லா" என்று காட்டினார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஓலைச்சாய்ப்பில் ஒரு கடை. ஆப்பம் எங்கள் தீவின் சொந்தப் பலகாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தவறு. நடுவில் பஞ்சும் ஓரத்தில் முறுகலுமாக அங்கே தின்ற ஆப்பம்போல் கொழும்பில் தின்றதில்லை. சுட்டுக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. சூசையின் நெற்றியும் புருவமும் அவளுக்கும் இருந்தன. எதிரே ஒரு வாலிபன் நின்று அவளோடு வாதாடிக்கொண்டிருந்தான்.

"எல்லாப் பயலுவளும் சங்கு குளிக்கப் போறானுவ. நான் மட்டும் கப்பல் மூட்டை தூக்கிட்டுக் கெடக்கணுமாம்மா?"

"ஏலே மிக்கேலு, உங்கிட்ட எத்தனை தடவை சொல்லுதது. உனக்குப் பொண்டாட்டியுமில்ல, மச்சானுமில்ல. கயிறு பிடிக்கத் தாய்மாமனுமில்ல. ஆளில்லாத வீட்டுல கடலுக்கு எப்படிலே அனுப்புவேன்?"

"சவரிமுத்து மாமா பிடிக்கேங்காருல்லா."

"அவரு சம்மாட்டி. அவரு வள்ளம், அவரு கயிறு. உசிரு உன் உசிருல்லா. பேசாம போ."

முத்துக் குளித்துப் பல வருஷமாகிவிட்டதென்றும், சிப்பிப் பாறைகள் வெறுமையாகக் கிடப்பதால் இப்போதெல்லாம் சங்குதான் என்றும், அதைச் சர்க்கார் கிட்டங்கியில் ஒப்படைத்தால் வங்காளத்துக்கு வளையல் அறுக்க அனுப்புவார்கள் என்றும் பக்கத்தில் ஆப்பம் தின்றுகொண்டிருந்தவர் எனக்கு விளக்கினார். வாலிபன் போய்விட்டான். தின்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மட்டும் வயிறு நிறைந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

"மலையாளமா ஐயா?" என்றாள் தெரசா.

"இல்லை அம்மா, கொழும்பு. உங்கட தம்பி சூசை அங்கை ஆஸ்பத்திரியிலை இருக்கிறார். அவர்தான் என்னை அனுப்பினவர்."

அவள் மாவை ஊற்றியபடியே நின்றாள். சட்டியில் மாவு நிறைந்து வழிந்தது. "உசிரோடவா இருக்கான்?" என்று கேட்டாள். "ரங்கூன்ல குண்டு போட்டப்பயே போயிட்டான்னு நெனைச்சேன். ஆத்துமாக்கள் திருநாளைக்கு அவரு பேருக்கும் இவன் பேருக்கும் சேத்துல்லா பூசை வச்சுக்கிட்டு வாரேன்."

நான் சொன்னேன். மருந்துச் சீட்டை வாசிப்பது மாதிரி, மேலிருந்து கீழ்வரை, ஒன்றையும் விடாமல். காலடியில் மிதித்த கயிறு, பிளந்த சிப்பி, கன்னத்தில் அடக்கிய முத்து, உண்டியல், நன்மை வாங்காமல் சுவர்ப் பக்கம் திரும்பும் முகம் எல்லாம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சட்டியைப் பார்த்தே சொன்னேன். ஆப்பம் கருகிப் புகைந்தது.

கருகியதைச் சுரண்டிப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வாய்க்குள்ளயா வச்சிருந்தான்?"

"ஓம் அம்மா."

"அதான் கத்தலியா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்த வள்ளத்துல இருந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. கயிறு இறுகுதது தெரிஞ்சும் சூசை கம்முன்னு நின்னான், ஒரு சத்தம் போடலன்னு. அதுக்கு முந்தின வாரம் அவனும் அவரும் சண்டை போட்டிருந்தாவ. வேணுமின்னேதான் விட்டான்னு ஊரே சொல்லிச்சு. அவன் வேற சொல்லாம ஓடிட்டானா, நானும் பாதி நம்பிட்டேன். இருபது வருசமா இந்த நெஞ்சுல அதுதான் கெடந்துச்சு, எந்தம்பி எம்புருசனைக் கொன்னுட்டான்னு."

அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள். "திருட்டுப் பய" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இன்னைக்குக் கடை முடிஞ்சுது. நீங்க போயிட்டு வாங்க ஐயா."

அவ்வளவுதான். கொண்டுபோகப் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் ஓட்டல் மாடியில் இருந்து மூட்டைகளுக்குக் குறி போட்டேன். சூசையிடம் போய் என்ன சொல்வது? திருட்டுப் பய என்றாள், கடையை மூடினாள் என்றா? உண்மையைச் சொல்லி முடித்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன், அது முடியவில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் எனக்கு யாரும் இல்லை. வார்டில் ஒரு கட்டில். ஆனாலும் குறி போட்ட மூட்டைக்கே அன்று மறுபடியும் குறி போட்டேன்.

சாயங்காலம் மிக்கேல் வந்தான். "அம்மா உங்களைக் கையோட கூட்டியாரச் சொல்லுதா" என்றான். அவன் முகம் நெருப்பு மாதிரி இருந்தது. சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை.

தெரசா நேரே விஷயத்துக்கு வந்தாள். "மன்னிச்சிட்டேன்னு நான் வாயால சொல்லி விடலாம். அவன் நம்புவானா? சாமி சொல்லியே நம்பாதவன், ஆப்பக்காரி சொல்லியா நம்பப்போறான். அதனால நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். நாளைக்கு மிக்கேலு சங்கு குளிக்கப் போறான். தாய்மாமன் கயிறு பிடிக்கணும். சூசை பேருக்கு நீங்க பிடிங்க."

"நானா? எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது அம்மா."

"முன்கயிறு சவரிமுத்து பிடிப்பாரு. நீங்க பின்னால பிடிச்சாப் போதும். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வர முடியலன்னா, அவரு பேருக்கு இன்னொருத்தர் நின்னு பிள்ளை மேல கை வைக்கதில்லையா? அது செல்லுதுல்லா. அது மாதிரிதான்."

"நான் உங்கட சபை இல்லை. நீங்கள் பதிதர், வழி தவறினவர் என்று சொல்லுற கூட்டம்."

"கயித்துக்கு அது தெரியுமா ஐயா?" என்றாள். பிறகு மகனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இருக்கது இவன் ஒருத்தன். இவனை அவன் கையில குடுக்கேன்னு போய்ச் சொல்லுங்க. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

புதன்கிழமை விடிகிற நேரத்தில் கரைக்காற்றில் வள்ளம் புறப்பட்டது. சவரிமுத்து என்ற அந்தச் சம்மாட்டி கனத்த மீசைக்காரர். என் கால்சட்டையையும் தொப்பியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னவே, இன்னைக்கு வெள்ளைக்காரத் தாய்மாமனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சூசை என்ற பெயர் காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. இன்னாசி செத்த அன்று அவரோடு வள்ளத்தில் இருந்தவர்களில் சவரிமுத்துவும் ஒருவராம். அவர் அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்யவில்லை. கயிற்றின் பின்பாகத்தை எடுத்து என் இரண்டு கையிலும் கொடுத்து, "சுத்திக்காதிய. இழுத்துச்சுன்னா கையைக் கொண்டு போயிரும். அழுத்திப் பிடிச்சாப் போதும்" என்றார்.

சூரியன் ஏறியதும் பாய் இறங்கியது. மிக்கேல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். கயிற்றையும் வலைப்பையையும் இடுப்பில் கட்டி, அடிக்கு இழுத்துப் போகும் கல்லின் வளையத்தில் காலை நுழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்து ஒருதரம் சிரித்தான். மறுகணம் அவன் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. கயிறு என் கைகளுக்குள் சுட்டுக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது.

அந்த நேரத்தைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனிதன் மூச்சில்லாமல் எங்கேயோ அடியில் நடந்துகொண்டிருக்கிறான். அவனுக்கும் எனக்கும் நடுவில் இந்தக் கயிறு ஒன்றுதான். நிச்சயம் உண்டு, நிச்சயம் உண்டு என்று சிறு வயதிலிருந்து நான் சொல்லிவந்த சொல்லை அப்போது தேடினேன். கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. ஆண்டவரே, விடாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் வாய்க்குள் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் காற்று அடித்தது. என் தொப்பி பறந்தது. கொழும்பில் வாங்கிய புதுத் தொப்பி. நான் யோசிக்கவே இல்லை. என் வலது கை தானாகக் கயிற்றை விட்டுவிட்டுத் தொப்பியைப் பிடிக்கப் போய்விட்டது. விரல் நுனியில் பட்டுத் தொப்பி கடலில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கையில் கயிறு துடித்தது.

எப்படித் திரும்பினேன், எப்படி இரண்டு கையாலும் பிடித்தேன் என்று தெரியாது. சவரிமுத்து முன்னால் இழுக்க, நான் பின்னால் இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. மிக்கேலின் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. அவன் விட்ட மூச்சு சீட்டி அடித்தது மாதிரி கேட்டது. வலைப்பையில் பழுப்புத் தோல் மூடிய பெரிய சங்குகள். அவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை உப்புக்காற்றின் மேல் போடலாம், ஆனால் உண்மை அதுவல்ல.

சூசையிடம் அதைக் கேட்ட பிறகு, நினைக்கும்போதெல்லாம் ஒரு முத்துக்காக மச்சானை விட்டவன் என்று மனதுக்குள் ஒரு முகத்தைச் சுளித்திருக்கிறேன். என்னைப்போல் ஒழுங்கான மனிதர்கள் செய்யக்கூடியதல்ல அது என்று நினைத்திருக்கிறேன். நான் விட்டது ஒரு தொப்பிக்காக. முன்கயிற்றில் சவரிமுத்து இருந்தார் என்பதுதான் எனக்கும் சூசைக்கும் உள்ள வித்தியாசம்.

கடற்காற்று திரும்பியதும் வள்ளம் கரைக்கு வந்தது. தெரசா தண்ணீர் கணுக்காலில் அடிக்க நின்றுகொண்டிருந்தாள். அன்று கடை திறக்கவில்லையாம். மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, உரிந்த தோலைப் பார்த்தாள்.

தொப்பி விஷயத்தை அவளிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அதையும் அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். "மிக்கேலு மேல வந்துட்டான்னும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

திரும்பும் தோணியில் மூட்டைகளுக்கு நடுவில் படுத்து வந்தேன். காற்று இந்தத் தடவை நின்று தொலையவில்லை. இருந்தாலும் எனக்கு அது மெதுவாக ஓடுவதாகவே தோன்றியது. சூசை இருப்பாரா, போயிருப்பாரா என்ற நினைப்பு கூடவே வந்தது. போனதும் மூட்டைகளை இறக்கக்கூட நிற்காமல் வார்டுக்கு ஓடினேன்.

இருந்தார். கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் சொன்னது, தெரசா பாதி நம்பியது, இருவர் பேருக்கும் வைத்த பூசை, அவள் சொன்ன திருட்டுப் பய. அந்த இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னார். சின்ன வயதில் எதையாவது எடுத்துத் தின்றால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாளாம். பிறகு கயிறு. இருக்கிற ஒரே மகனை அவர் கையில் கொடுத்தது. பிறகு தொப்பி.

"ஒரு கையை விட்டுட்டியளா?" என்றார்.

"விட்டிட்டன்."

"பெறகு?"

"திரும்பிப் பிடிச்சன்."

"வந்துட்டானா?"

"வந்திட்டான். சிரிச்சுக்கொண்டு வந்தான். உங்கட புருவந்தான் அவனுக்கும்."

என் கையை வாங்கி, ஆறத் தொடங்கியிருந்த காயத்தின் மேல் கட்டைவிரலால் தடவினார். "வந்துட்டானா?" என்று மறுபடியும் கேட்டார். வந்திட்டான் என்றேன். சாயங்காலம் மருந்து கொடுக்கப் போனபோதும் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரியே கேட்டார், நானும் அப்படியே சொன்னேன். எங்கள் சபையில் கேட்கிற அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் அவ்வளவு நிச்சயமாகப் பதில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார்டில் வேலை இல்லை. ஆனாலும் போய் வாசலில் நின்றேன். குருவானவர் கட்டில் கட்டிலாக வந்தார். சூசையின் கட்டில் வந்ததும், வழக்கம் தெரிந்தவர், ஒரு சிலுவை மட்டும் வரைந்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரப் பார்த்தார். அந்தச் சிங்களப் பெண் அவர் அங்கியைத் தொட்டு நிறுத்தினாள்.

சூசை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தலையணையில் கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பி, கரையில் சோதனைக்கு நிற்கிறவர்போல, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி, வாயை நன்றாகத் திறந்தார்.